குழு முடிவெடுத்தலை அளவிடுவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1988இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் உயிரிழந்தனர். அதன் விளைவாக, நெருக்கடியில் கட்டளைக் குழுக்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய அமெரிக்கக் கடற்படை டாட்மஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்த மரபைப் பின்பற்றி, காட்டுத்தீயணைப்பைச் சித்திரிக்கும் கணினி உருவகச் சூழலில் நால்வர் குழுக்களை ஆராயவிருக்கிறேன்.

என் சிக்கல் அளவீட்டில்தான் உள்ளது. உருவகத்தை இடையில் நிறுத்திச் சூழல் குறித்த புரிதலைக் கேள்விகளால் சோதித்தால் பணியின் ஓட்டம் தடைபடுகிறது. முடிந்தபின் கேட்டாலோ, விளைவை அறிந்தவர்களின் நினைவு அதற்கேற்பத் திரிந்துவிடுகிறது. உரையாடல் பதிவுகளில், கேட்காமலே வழங்கப்பட்ட தகவல்களுக்கும் கேட்டுப் பெற்றவற்றுக்கும் உள்ள விகிதத்தைக் குழு ஒருங்கிணைப்பின் அளவாகக் கணக்கிடலாம் என்றாலும், நன்கு இணைந்த குழு பணிச்சுமை கூடும்போது குறைவாகவே பேசக்கூடும் என்பதால், அந்த மௌனத்தைக் குழப்பத்தால் விளைந்த மௌனத்திலிருந்து பிரித்தறியும் வழியை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மாணவர்களைக் கொண்டு பெறும் முடிவுகள் பயிற்சி பெற்ற அலுவலர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது பற்றியும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.