மறு: பெர்ள் டிஆர் செயற்குறிக்குத் தமிழ்ச்சொல் – 'திரிபு' சரிவருமா?

வணக்கம். பெர்ள் நிரல்மொழியில் டிஆர் (tr) என்பது, ஒரு சரத்தில் (string) உள்ள குறிகளை இடப்பட்டியல், வலப்பட்டியல் என்ற இரண்டு பட்டியல்களின்படி மாற்றும் செயற்குறி (operator). அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

> 'எழுத்துப்பெயர்ப்பு' என்றே வைத்துவிடலாமே. பெர்ள் ஆவணத்திலும் அந்தப் பொருளில்தானே இருக்கிறது?

ஆவணத்தில் இருப்பது சரிதான். ஆனால் தமிழில் எழுத்துப்பெயர்ப்பு என்றதும் ஒரு மொழிப் பெயரை இன்னொரு மொழி எழுத்தில் எழுதுவதுதான் நினைவுக்கு வரும். டிஆருக்கு ஒலியைப் பற்றிக் கவலையே இல்லை. இடப்பட்டியலில் மூன்றாவதாக உள்ள குறியைக் கண்டால் வலப்பட்டியலில் மூன்றாவதாக உள்ளதை வைக்கும், அவ்வளவுதான். 'பதிலீடு' என்பது, ஒரு தொடரைத் தேடி அங்கே வேறொன்றை வைக்கும் எஸ் (s) செயற்குறிக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதை இங்கேயும் இழுத்தால் குழப்பம்தான்.

என் பரிந்துரை 'திரிபு'. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது ன் இருந்த இடத்தில் ற் வருகிறது. டிஆர் செய்வதும் இதுவே. டி (d) என்ற ஒட்டைச் (modifier) சேர்த்தால், இடப்பட்டியலில் இருந்தும் வலப்பட்டியலில் இணையில்லாத குறிகள் நீங்கிவிடும், அது கெடுதல். வாழைப்பழத்தில் ப் வந்ததுபோல் புதிதாக ஒன்றைத் தோன்றவைக்க டிஆரால் ஆகாது, அதற்கு எஸ் வேண்டும். 'வரலாற்றுத் திரிபு' ஞாபகம் வருகிறது என்கிறவர்கள், பள்ளியில் படித்த புணர்ச்சி விதியையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, அணியின் எல்லா உறுப்புகளிலும் திரிப்பது. (இங்கே 'அணி' என்பது அரே, அதாவது மதிப்புகளின் வரிசை; கணக்குப் புத்தகத்து மேட்ரிக்ஸ் அல்ல.) இதற்கு 'உறுப்புதோறும் திரிபு' போதும். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, பெயரும் இரண்டு வேண்டும்.

அணியில் ௧௯௮௭, ௨௦௧௧ என்று இரண்டு உறுப்புகள். இடப்பக்கம் ௦-௯, வலப்பக்கம் 0-9 என்று கொடுத்து ஒவ்வோர் உறுப்பாக எடுத்துச் செய்யும் ஃபார் மடக்கில் (for loop) ஓட்டினால் அணியே 1987, 2011 என மாறிவிடும். மடக்கின் மாறி (variable) உறுப்பின் படி (copy) அல்ல, அந்த உறுப்புக்கே இன்னொரு பெயர் என்பதுதான் காரணம். இது 'இடத்திலேயே திரிபு'. அதையே, ஒவ்வோர் உறுப்புக்கும் கிடைக்கும் விளைவைத் திரட்டித் தரும் மேப்புக்குள் (map) போட்டுப் புது அணியில் வாங்கினால் கிடைப்பது 4, 4. டிஆர் திருப்பித் தருவது திரிந்த குறிகளின் எண்ணிக்கையை. மூல அணியும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். மூலத்தைத் தொடாமல் புதுச்சரம் வேண்டுமென்றால் ஆர் (r) ஒட்டு வேண்டும். 2011-இல் வந்த பெர்ள் 5.14 பதிப்பு முதல் அது உண்டு. இது 'படியில் திரிபு'.

> 'எழுத்துத்திரிபு' என்று முழுதாகச் சொல்லலாமா?

வேண்டாம். 'கி' நமக்கு ஓரெழுத்து, யூனிக்கோடில் க-வும் இகரக்குறியும் சேர்ந்த இரண்டு. எழுத்துத்திரிபு என்று படித்தவர் 'கி'யை அப்படியே இடப்பட்டியலில் போட்டுவிட்டு, ஊரிலுள்ள க எல்லாம் ஏன் மாறியது என்று விழிப்பார். நிரல் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் (encoding) உள்ளது என்ற அறிவிப்பை விட்டுவிட்டால் இன்னும் மோசம்: ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட்டாக உடைந்து, திரிபு பைட் அளவில் நடக்கும்.

ஆகவே சொற்பட்டியலில் 'குறியுருத் திரிபு' (குறியுரு என்பது கேரக்டர்), பேச்சில் வெறும் 'திரிபு' என்று வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். மேப்புக்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலந்தால் இரண்டுமே முடியாது.