மண் மாதிரியையும் ஆற்று வண்டலையும் எப்படி இணைப்பது?

வணக்கம். ஒரு சிற்றாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எடுத்த மண் மாதிரிகளின் கரிமச் சத்தையும், மழைக்குப் பின் ஆற்றில் வரும் வண்டலையும் சேர்த்துப் பார்க்க முயல்கிறேன். எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் அளவீட்டின் 30 மீட்டர் உயரத் தரவை வைத்து அப்பகுதியின் எல்லையை வரைந்துவிட்டேன். அதுவரை சரி.

ஆனால் மண்ணுக்கான உலகளாவிய வரைபடமான சாயில்கிரிட்ஸ் தரவு 250 மீட்டர் கட்டம். உழுத வயலும் பக்கத்துப் புதர்க்காடும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடுகின்றன. கையில் எடுத்தால் காட்டு மண் பொலபொலவென்று உதிர்கிறது, வயல் மண் கட்டியாக இறுகிக் கிடக்கிறது. வரைபடத்தில் இரண்டும் ஒன்றுதான்! இதை அப்படியே விட மனம் வரவில்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் 10 மீட்டர் அலைநீளப் பட்டைகளைக் கொண்டு பிரிக்கலாமா?

அப்புறம், பழைய மாதிரிகளின் கரிமம் வாக்லி-பிளாக் முறையில் (வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றி) அளந்தது, புதியவற்றினுடையது உலர் எரிப்பு முறையில் (மண்ணை அதிக வெப்பத்தில் எரித்து). வாக்லி-பிளாக் முறை கரிமம் முழுவதையும் பிடிக்காது என்பதால், பழையவற்றை வழக்கம்போல 1.3ஆல் பெருக்கினால் போதுமா, மண்ணுக்கேற்ப மாற்ற வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.