கையைப் பிடிச்சப்போ என்ன பண்ணீங்க? தற்காப்பு கத்துக்கிட்டவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வைகைக்கரை:
காலேஜ் ரெண்டாவது வருஷம் ஹாஸ்டல்ல சாயங்காலம் கராத்தே கிளாஸ் வச்சாங்க. மொத நாள் மாஸ்டர் அடி உதை எதுவும் சொல்லித் தரல, எங்கள வரிசையா நிக்க வச்சு "விடுறா கையை"ன்னு கத்தச் சொன்னார். நாப்பது பேர் நின்னோம், ஒருத்திக்கும் சத்தம் எழும்பல. சின்ன வயசுலேர்ந்து "பொம்பளப்புள்ள சத்தமா பேசாத"ன்னு கேட்டே வளர்ந்த தொண்டை, திடீர்னு கத்துன்னா எப்படிக் கத்தும்? எல்லாருக்கும் குரல் வர ஒரு வாரம் ஆச்சு.

அதுக்கப்புறம்தான் பிடியை விடுவிக்கிறது. பிடிச்சவனோட கட்டைவிரலும் மத்த விரலும் வந்து சேருற இடம்தான் லூசு, அந்தப் பக்கமா மணிக்கட்டைத் திருப்பி முழங்கையை மடக்கி வெடுக்குன்னு உருவணும். நேரா பின்னாடி இழுத்தா வராது.

போன வருஷம் வேலை முடிஞ்சு டவுன் பஸ்ல இறங்கி சந்துக்குள்ள நடந்துட்டு இருக்கேன், பின்னாடியே பைக்ல வந்த ஒருத்தன் வண்டிய குறுக்கால நிறுத்திட்டு கையைப் பிடிச்சுட்டான். உண்மையச் சொல்றேன், உடம்பு அப்படியே மரத்துப் போச்சு, கத்துக்கிட்டது எதுவும் ஞாபகத்துக்கு வரல, ஆனா வாய் மட்டும் தானா "விடுறா கையை"ன்னு கத்திருச்சு, அந்தக் குரல் வந்த பிறகுதான் கையும் திரும்புச்சு. மூலையில மாவுமில்லுல இருந்த அண்ணன் ஓடி வந்தாரு, அவன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். வீட்டுக்கு வந்து பாத்தா மணிக்கட்டுல கட்டைவிரல் தடம் சிவந்து கெடக்கு, வளையல் ஒண்ணு உடைஞ்சு கீறியிருக்கு. அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்த மாஸ்டரத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்.

நாஞ்சில் அக்கா:
தங்கச்சி, படிச்சப்பவே கண்ணு கலங்கிட்டு. நான் நாகர்கோவில் பக்கம், எங்க ஊரு ஆசான்கிட்ட சிலம்பம் படிச்சேன். கம்பு கையில குடுக்கதுக்கு முன்னால மாசக்கணக்குல காலடிதான். பைக்கும் ஷாலுமா ரோட்டுல போறப்ப யாரு கம்போட போவா, ஆனா அந்தக் காலடி கூடவே வரும். ஒருத்தன் முறைச்சுட்டு கிட்ட வந்தா கால் தானா ரெண்டு அடி விலகி நிக்கும், கை எட்டாத தூரம். எனக்கு ரெண்டு தடவை அதுவே போதுமானதா இருந்துச்சு.

இன்னொண்ணு எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கோங்க. ஷாலை ரெண்டு தோள்லயும் பின் குத்தாதீங்க, எவனாவது பின்னால இருந்து இழுத்தா கழுத்து இறுகிரும், ஒரு பக்கம் மட்டும் குத்துனா கழண்டு போயிரும். முடியைப் பிடிச்சு இழுத்தா எதிர்ப்பக்கம் இழுக்காதீங்க, ரெண்டு கையாலயும் அவன் கையைத் தலையோட சேத்து அமுக்கிட்டு அவன் பக்கமா திரும்பி மிதிங்க. ஒரு இடத்துல பத்து நாள்ல சர்ட்டிபிகேட் குடுத்தாங்கன்னு என் சித்தி மக சேந்தா, ஒருநாள்கூட யாரும் அவ கையைப் பிடிச்சுப் பழக்கல. காத்துல குத்துறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டா? எனக்கு அதுல ரொம்பக் கோவம்.

சட்டம் படிக்கிறவ:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. என்கிட்ட நிறைய பேரு கேக்குறது "திருப்பி அடிச்சா நம்ம மேல கேஸ் ஆகுமா"ன்னுதான். 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புது குற்றச் சட்டம் நடைமுறையில இருக்கு, அதுல 34லேர்ந்து 44 வரைக்குமான பிரிவுகள் தற்காப்பு உரிமைதான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 96லேர்ந்து 106. நம்மளக் காப்பாத்திக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு அடிக்கலாம். அவன் விட்டுட்டு ஓடுறான்னா நிறுத்திடணும், தொரத்திப் போய் அடிச்சா அது தற்காப்புல வராது. பலாத்காரம், கடத்தல், ஆசிட் வீச்சு மாதிரி தாக்குதல்னா 38வது பிரிவுல உரிமை இன்னும் விரியுது, தடுக்கிறப்போ அவன் உயிரே போனாலும் சட்டம் நம்ம பக்கம் நிக்கும். தமிழ்நாட்டுல பொண்ணுங்கள தொல்லை பண்றதத் தடுக்கன்னே 1998ல தனிச் சட்டம் வந்துச்சு, சென்னையில ஒரு காலேஜ் மாணவி ஈவ் டீசிங்ல செத்த பிறகு வந்தது. அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரெண்டையும் போன்ல சேவ் பண்ணி வைங்க.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிக்கா, உங்களுக்கும் நன்றிப்பா. ஷால் விஷயம் எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். போன வாரம் என் தங்கச்சியையும் கிளாஸ்ல சேத்துட்டேன். நேத்து வந்ததும் அப்பாகிட்ட கையை நீட்டி "பிடிங்கப்பா"ன்னா. அப்பா பூ மாதிரி பிடிச்சாரு. "அப்படியில்லப்பா, இன்னும் இறுக்கி"ன்னா.