ஸ்கேன் படங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டுமா?

வைகைக்கரையான்:
2019இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுரையீரல் சிடி ஸ்கேன்களில் இல்லாத புற்றுக்கட்டியை ஏஐ மூலம் சேர்த்தார்கள், இருந்ததை அழித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து முடிவு சொன்னவர்கள் 3 ரேடியாலஜிஸ்டுகள், அதாவது ஸ்கேன் படம் படிக்கும் டாக்டர்கள். கட்டி சேர்த்தவற்றில் 99 சதவீதத்தைப் புற்று என்றார்கள். அழித்தவற்றில் 94 சதவீதத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். மாற்றிய படங்கள் கலந்திருப்பதைச் சொன்ன பிறகும் சேர்த்தவற்றில் 60 சதவீதத்திலும் அழித்தவற்றில் 87 சதவீதத்திலும் ஏமாந்தார்கள். கண்ணை நம்பிப் பயனில்லை. எந்திரத்தை விட்டு வெளிவரும்போதே ஒவ்வொரு படத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்து, அதாவது பிறகு யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் கணினி முத்திரை, கட்டாயம் வேண்டும்.

கேபிள்காரன்:
சார், அவர்கள் உள்ளே நுழைந்த விதத்தையும் சொல்லுங்கள். மருத்துவமனை அனுமதியோடு ராஸ்ப்பெர்ரி பை என்ற கையகலக் கணினியை சிடி எந்திரத்துக்கும் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வருக்கும் நடுவே செருகினார்கள். படங்கள் குறியாக்கமே இல்லாமல், நடுவில் யாரும் படிக்கக்கூடியபடி போய்க்கொண்டிருந்தன. அதே ஆண்டு கிரீன்போன் என்ற ஜெர்மன் நிறுவனம் தேடியபோது, பாதுகாப்பில்லாத சர்வர்களில் சுமார் 2.4 கோடி நோயாளிப் பதிவுகள் இணையத்தில் திறந்து கிடந்தன; அவற்றோடு சேர்ந்த 70 கோடிக்கு மேலான படங்களில் சுமார் 40 கோடியை இறக்கிக்கொள்ளவே முடிந்தது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. முதலில் டிஎல்எஸ் (படம் போகும் வழியைக் குறியாக்கிக் காக்கும் முறை), பாஸ்வேர்ட், தனி நெட்வொர்க். கையெழுத்தெல்லாம் அப்புறம்.

வைகைக்கரையான்:
டிஎல்எஸ் வழியில் போகும்போது மட்டும்தான் காக்கும். சர்வருக்குள் அட்மின் பாஸ்வேர்ட் உள்ளவரே மாற்றினால்? விபத்து இழப்பீட்டு வழக்கில் 3 ஆண்டு கழித்து எலும்பு முறிவுப் படத்தைக் கோர்ட்டில் காட்டுகிறார்கள். அது அன்றைக்கு எடுத்த படம்தான் என்று டிஎல்எஸ் சொல்லுமா?

பிக்சல் ராஜா:
கையெழுத்து பிக்சலுக்கு வெளியே, கோப்பின் தனிப் பகுதியில் இருக்கிறது. டைகாம் என்ற ஸ்கேன் படக் கோப்பைச் சாதாரண ஜேபெக் படமாக மாற்றினால் அது போச்சு. வாட்டர்மார்க் என்ற மறைகுறியைப் பிக்சலுக்குள்ளேயே வைத்தால் படத்தோடு சேர்ந்தே பயணிக்கும்.

ரேடியாலஜி அக்கா:
தம்பி, தயவுசெய்து பிக்சலைத் தொடாதீர்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் நாங்கள் தேடுவது அரை மில்லிமீட்டருக்கும் சிறிய சுண்ணாம்புப் புள்ளிகளை. ஒரு துளி மாற்றம் இருந்தாலும் அதன் மேல் ரிப்போர்ட் எழுத என் மனசு ஒப்பாது.

பிக்சல் ராஜா:
சரிபார்த்ததும் அசல் பிக்சலை அப்படியே மீட்டுத்தரும் வாட்டர்மார்க் முறைகள் இருக்கின்றன, அக்கா.

ரேடியாலஜி அக்கா:
மீட்ட பிறகு அந்தப் படத்துக்குக் காவல் எது? நான் படிக்கும் நேரத்தில் அது வெறும் படம்தானே.

நைட் டூட்டி:
நான் சிடி டெக்னீஷியன். இரவில் நியூரோ சர்ஜன் கேட்டால் மானிட்டரை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பெயர், இடது வலது குறி எல்லாம் ஓரத்தில் வெட்டுப்படும். ஒரு சிடி ஸ்லைஸில், அதாவது குறுக்குவெட்டுப் படத்தில், ஒவ்வொரு பிக்சலிலும் 12 பிட் அளவுக்குச் சாம்பல்நிறத் தகவல் இருக்கும், போன் படத்தில் மிஞ்சுவது 8 பிட். எலும்பு, மூளை என்று தனித்தனியே தெளிவாகத் தெரிய கறுப்பு வெளுப்பு அளவை, அதாவது விண்டோவை, மாற்றிப் பார்க்கவே முடியாது. அந்தப் படத்தை வைத்துத்தான் மண்டையைத் திறக்கலாமா என்று முடிவாகிறது. இதற்கு உங்கள் கையெழுத்து என்ன செய்யும்?

இன்னொன்று. விபத்தில் வருகிறவரை 'அடையாளம் தெரியாத ஆண்' என்று பதிகிறோம், காலையில் பெயர் தெரிந்ததும் திருத்துகிறோம். திருத்தியதும் கையெழுத்து செல்லாது என்று சிவப்பில் காட்டினால், நாலே நாளில் எல்லாரும் அந்த எச்சரிக்கையைப் பார்க்காமலே தாண்டிவிடுவார்கள்.

வைகைக்கரையான்:
நல்ல கேள்வி. டைகாமில் எந்தெந்தத் தகவலுக்குக் கையெழுத்து என்று தேர்ந்தெடுக்கலாம், ஒன்றுக்கு மேல் போடவும் முடியும். பிக்சலுக்கும் ஸ்கேன் எண்ணுக்கும் எந்திரம் போடட்டும். பெயரைத் திருத்துகிறவர் தன் கையெழுத்தைத் தனியாகச் சேர்க்கட்டும். யார், எப்போது திருத்தினார் என்பதும் பதிவாகும். வாட்ஸ்அப் வழக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டர் போனிலேயே பேக்ஸைப் பாதுகாப்பாகத் திறக்க மருத்துவமனை வழி செய்யாதவரை அது நிற்காது.

ரேடியாலஜி அக்கா:
பிக்சலைத் தொடாமல், திருத்தத்தையும் மறைக்காமல் வருமென்றால் எனக்குச் சம்மதம். பெயர் மாறிய படத்தால் வரும் ஆபத்து, கட்டி ஒட்டிய படத்தை விட எனக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கேபிள்காரன்:
நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய எந்திரத்தில் நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர் இல்லாமல் ஒரு மென்பொருளும் ஏற்ற முடியாது. அதனால் சிறிய சென்டர்கள் எந்திரத்துக்கு வெளியே கேட்வே என்ற ஒரு இடைக் கணினி வைத்து அங்கேதான் கையெழுத்துப் போடும். எந்திரத்திலிருந்து கேட்வே வரை வெறும் கேபிள். ராஸ்ப்பெர்ரி பையைச் செருகியது இந்த மாதிரி இடத்தில்தானே? அங்கே மாற்றிய படத்துக்குச் செல்லுபடியாகும் கையெழுத்தும் கிடைத்துவிடும், கோர்ட்டும் நம்பிவிடும். புது எந்திரம் வாங்கும் டெண்டரில் டிஎல்எஸ், கையெழுத்து இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். பழைய எந்திரங்களுக்கு இப்போதே கட்டாயம் என்றால் எதிர்ப்பேன்.