ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வந்து ராத்திரிச் சாப்பாடு: மாசம் பூரா எப்படி ஓட்டுறீங்க?

ஆண்டிபட்டிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. நான் செக்கிங், அவர் ஓவர்லாக் டெய்லர். ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிப்ட்தான். காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்கு விடுவாங்க, வீடு வந்து சேர ஒன்பது ஆயிடும். மூத்தவன் நாலாவது, சின்னவ ஒண்ணாவது, ரெண்டு பேரும் அரசுப் பள்ளி. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கிறாங்க. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளிக்கூடத்துலயே ஆயிடுது. ராத்திரி ஒரு வேளைதான் பிள்ளைங்க என் கையால சாப்பிடுறது. அந்த ஒரு வேளையும் வாரத்துல பாதி நாள் கடைப் பரோட்டா. நாலு பேருக்கு 160, 170 ரூபா ஆயிடுது. சரி, ரவை உப்புமா கிண்டலாம்னா ரெண்டும் தட்டைத் தள்ளி வெச்சிடுதுங்க.

ராத்திரிச் சாப்பாட்டை மாசம் 3,500 ரூபாய்க்குள்ள கொண்டு வரணும். வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். வாடகைக்கு எடுத்து வெச்சதுக்கு அப்புறம் மாசக் கடைசி வாரத்துல ஒண்ணும் நிக்கிறதில்ல. ரேஷன் கார்டு ஊர் முகவரியிலயே இருக்கு, அதனால இங்க எதுவும் வாங்குறதில்ல. சின்ன ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இருக்கு. அம்மா வீட்டுல கவர்மென்ட் குடுத்த கிரைண்டர் சும்மா கிடக்கு. அரை மணி நேரத்துல முடியணும், பிள்ளைங்க வயிறு நிறையணும். இப்படி ஓட்டிட்டு இருக்கிறவங்க சொல்லுங்க.

அனுப்பர்பாளையம் அக்கா:

கண்ணு, முதல்ல அந்தக் கிரைண்டரை ஊர்ல இருந்து தூக்கிட்டு வா. அடுத்தது ரேஷன் கார்டு. கார்டு ஆண்டிபட்டில இருந்தாலும் தமிழ்நாட்டுல எந்தக் கடையிலயும் கைரேகை வெச்சு வாங்கலாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபா, பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. மாசா மாசம் இதை விட்டுட்டு மளிகைக் கடையில பருப்பு வாங்குறியே, எனக்கு அதுதான் மனசு கேக்கல. வீட்டுப் பக்கத்துக் கடையில போய் என்னைக்குச் சாமான் வருதுன்னு கேட்டு வெச்சுக்கோ. முகவரியையும் மெதுவா மாத்திக்கோ.

நானும் இதே ஊர்ல பிசிறு வெட்டி, செக்கிங் பண்ணி ரெண்டு பசங்களைப் படிக்க வெச்சவதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்பு முன்னால நின்னு என்ன செய்யலாம்னு யோசிச்சா கால் தானா பரோட்டாக் கடைக்குத்தான் போகும். ராத்திரிச் சாப்பாட்டைக் காலையில முடிவு பண்ணணும். கிளம்புறதுக்கு முன்னால ஒரு கிண்ணத்துல ஏதாச்சும் ஊறணும், இல்லன்னா ஃபிரிட்ஜ்ல மாவு இருக்கணும். இதுல ஒண்ணு இருந்தாப் போதும்.

மாவுக்கு என் அளவு சொல்றேன். ரேஷன் புழுங்கலரிசி ரெண்டு டம்ளர், இட்லி அரிசி ரெண்டு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். ரேஷன் அரிசியைத் தண்ணி தெளியற வரைக்கும் கழுவணும், நாலஞ்சு தண்ணியாவது ஆகும். அந்த வாடை போயிட்டா இட்லியில ஒரு வித்தியாசமும் தெரியாது. உளுந்தைக் கிரைண்டர்ல போட்டுத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு ஆட்டு. எடுத்து ஒரு துளியைத் தண்ணிக் கிண்ணத்துல விட்டா மேல மிதக்கணும், அதுதான் பதம். மிக்ஸியில அரைச்சா சூடேறி அந்தளவுக்குப் பொங்காது, உளுந்தும் கூடப் பிடிக்கும். கிரைண்டரைக் கொண்டு வரச் சொன்னது அதுக்குத்தான். இந்த அளவுக்கு ரெண்டு கிலோ பக்கம் மாவு வரும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மிச்சம் புளிச்சதுல சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிள்ளைங்களுக்கு ஊத்தப்பம். எல்லாம் சேர்த்து 50 ரூபாய்க்குள்ள அடங்கும்.

உப்புமா வேண்டாம்னு பிள்ளைங்க சொல்றது நியாயம் கண்ணு. காலை உணவுத் திட்டத்துல ரவை உப்புமா, சேமியா, கிச்சடி, பொங்கல்னு அதைத்தானே பள்ளிக்கூடத்துல சாப்பிடுதுங்க. ராத்திரியும் ரவையைக் கிண்டினா எந்தப் பிள்ளை தொடும்? மதியம் சத்துணவுல முட்டையும் கிடைச்சிடுது. உன் பிள்ளைங்களுக்கு ராத்திரியில வேணுங்கிறது பருப்பு, பயறு, கீரை. அதுல காசு போடு.

மாவு இல்லாத நாளுக்கு எங்க ஊர் அரிசிம்பருப்பு. நாலு பேருக்கு ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. குக்கர்ல எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், ரெண்டு வரமிளகாய் தாளிச்சு, உரிச்ச சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு ஏழெட்டுப் பல் முழுசாப் போட்டு வதக்கு. ஒரு தக்காளி, மஞ்சத்தூள், சாம்பார்ப் பொடி ஒரு ஸ்பூன். அரிசியும் பருப்பும் கழுவிப் போட்டு, டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி. மூணு விசில். விசில் அடங்கறதுக்குள்ள நீ முகம் கழுவி, பிள்ளைங்க நோட்டைப் பார்த்திடலாம். தட்டுல போட்டு மேல ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடு, பக்கத்துல தயிரோ அப்பளமோ போதும். வேற வெஞ்சனம் வேண்டாம்.

மாசக் கடைசி வாரம்தான் உனக்கு இடிக்குது. அதுக்கு மாசத்து முதல் சனிக்கிழமையே சாமான் வாங்கி ஒரு டப்பாவுல போட்டு மூடி வெச்சிடு: கொள்ளு அரைக் கிலோ, பச்சைப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, வரமிளகாய், புளி, சுண்டக்காய் வத்தல். இருபது தேதி வரைக்கும் அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது. நான் அதை அரிசி மூட்டைக்குப் பின்னாலதான் வெச்சிருந்தேன். கையில காசு இல்லாத வாரத்துல காய் இல்லாமலே அந்த டப்பா நாலஞ்சு ராத்திரியைத் தாங்கும். அடை ரெண்டு நாள், பயறு கடைஞ்சு சோறு ஒரு நாள், கொள்ளு ஒரு நாள், வத்தக்குழம்பு ஒரு நாள்.

இன்னொண்ணு. ஒன்பது மணி வரைக்கும் பிள்ளைங்க வெறும் வயித்தோட காத்திருக்கக் கூடாது. காலையில அடுப்பு எரியறப்பவே பயறோ கடலையோ வேகவெச்சுப் பாட்டிகிட்ட ஒரு டப்பா குடுத்துட்டுப் போ. பசி பொறுக்காம இருந்தாத்தான் பரோட்டா கேக்கும்.

சம்பத்நகர்க்காரன்:

அக்கா சொல்ற அளவெல்லாம் சரி. ஆனா பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற பொண்ணுகிட்ட மாவும் ஆட்டுன்னு சொல்றது எனக்குச் சரியாப் படல. அவங்க வீட்டுக்காரரும் அதே ஷிப்ட்தானே? கிரைண்டர் வேலை அவரோடதா இருக்கட்டும். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மாவாட்டுறது நான்தான். மனைவி வேலைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தான். உளுந்து ஓடறப்போ பக்கத்துல நின்னு தண்ணி தெளிக்கணும், அவ்வளவுதான் கஷ்டம்.

காய்க்கு உழவர் சந்தைக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலையே போனா விலைப் பலகை பார்த்து வாங்கலாம், விவசாயியே எடை போட்டுக் குடுப்பார். ஒரு வாரத்துக்கு வாங்குறப்போ கீரையும் தக்காளியும் முதல் மூணு நாளைக்கு, சுரைக்காய், பூசணி, முள்ளங்கி பின் பாதிக்குன்னு பிரிச்சுக்கோங்க. மலிவா இருக்குன்னு நாலு கட்டு கீரை வாங்கி வெச்சா புதன்கிழமை குப்பைக்குத்தான் போகும்.

கேஸையும் கணக்குல சேருங்க. சோறு தனியா, பருப்பு தனியா வைக்க வேண்டாம். குக்கர்ல கீழ பருப்பு, மேல கிண்ணத்துல அரிசின்னு ஒரே தடவையில முடிச்சிடலாம்.

அனுப்பர்பாளையம் அக்கா:

தம்பி சொன்னது சரி. எங்க வீட்டுக்காரரும்தான் கிரைண்டர் கல்லைக் கழுவி வைப்பாரு, நான் எழுதறப்போ அதை விட்டுட்டேன். கண்ணு, ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரரே மாவு ஆட்டட்டும். நடுவாரத்துல இன்னொரு தடவை வேண்டாம், கடை மாவு ஒரு கிலோ வாங்கிக்கோ, தப்பில்ல. பரோட்டாவுக்குக் குடுக்கிற காசுல அது மூணுல ஒரு பங்கு கூட வராது.

ஆண்டிபட்டிப் பொண்ணு:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், மாவாட்டுறேன்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசம் ஊருக்குப் போறப்போ கிரைண்டரை பஸ்ஸிலயே ஏத்திட்டு வந்துடுறோம். ரெண்டு சந்தேகம். எங்க பக்கம் கொள்ளு அவ்வளவாச் சமைக்கிறதில்ல, ஒன்பது மணிக்கு வந்து அதை வேகவைக்க முடியுமா? பிள்ளைங்களுக்குச் சூடு பிடிக்காதா? அடைக்கு அளவும் சொல்லலியே.

அனுப்பர்பாளையம் அக்கா:

அடைக்குப் புழுங்கலரிசி ரெண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை, உளுந்து கால் டம்ளர். பருப்பும் அரிசியும் பகல் பூரா ஊறிப் புளிக்க வேண்டாம், ஃபிரிட்ஜ்ல வெச்சு ஊறவிட்டுட்டுப் போ. வந்ததும் வரமிளகாய், சோம்பு, உப்புப் போட்டு மிக்ஸியில கொரகொரன்னு ஓட்டு. இதுக்குக் கிரைண்டர் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். எங்கயாச்சும் முருங்கை மரம் இருந்தா ஒரு கொத்துக் கேட்டு வாங்கி, கீரையை உருவி மாவுல கலந்திடு. கனமா ஊத்தி, நடுவுல ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, தீயைக் குறைச்சு மூடி வை. பெரியவங்களுக்கு ரெண்டு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு, அதுக்கு மேல இறங்காது. வெல்லம் இருந்தாப் போதும், சட்னி கூட வேண்டாம்.

கொள்ளைக் காலையில கல் பொறுக்கிக் கழுவி ஊறப்போட்டுட்டுப் போனா ராத்திரிக்குள்ள நல்லா ஊறியிருக்கும். குக்கர்ல தண்ணி தாராளமா விட்டு ஆறு விசில் வை. அந்தத் தண்ணியைக் கீழ ஊத்திடாத, வடிச்சு எடு. அதுல புளியும் தக்காளியும் கரைச்சு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டறப்போ இறக்கினா ரசம். கொள்ளை மட்டும் தனியா எடுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி விதை, வரமிளகாய் வதக்கி, உப்புப் போட்டு மத்தால கடை. மத்து இல்லன்னா மிக்ஸியில ஒரே ஒரு சுத்து, நைஸாப் போயிடக் கூடாது. முதல் வாய்க்குப் பருப்புச் சோறு, அடுத்தது ரசம். ஒரே கொள்ளுல ரெண்டு குழம்பு ஆச்சு.

சூடுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதனால நாங்க வெயில் காலத்துல குறைச்சுக்குவோம், மழை நாள்லயும் குளிர் நாள்லயும்தான் நிறைய வைப்போம். சின்னவளுக்கு முதல் தடவை ஒரு கரண்டி மட்டும் வெச்சு, மோர் சோறும் குடு. சித்திரை, வைகாசியில கொள்ளுக்குப் பதிலா அந்த டப்பாவுல பச்சைப்பயறைக் கூட்டிப் போட்டுக்கோ. அதையும் இதே மாதிரிதான் கடையணும், நாலு விசில் போதும்.