பக்கத்தில் என்றால் மூலையும் சேர்த்தியா?

சதுரக் கட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்து ஆடும் கார்கசான் என்ற பலகை ஆட்டத்தை முதன்முதலாக விளையாடிய இரவு, மடாலயம் வரைந்த ஒரு கட்டைக்காக அரை மணி நேரம் சண்டை. சுற்றிலும் கட்டைகள் அடைந்துவிட்டால் மடாலயம் முடிந்தது என்று கணக்கு. மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கமும் அடைத்துவிட்டு மடாலயத்தில் வைத்திருந்த என் ஆள் காயைத் திரும்ப எடுக்கப் போனேன். எதிரே இருந்தவன் கையைப் பிடித்துவிட்டான். "மூலையெல்லாம் காலியா இருக்கே?"

மூலை எப்படிப் பக்கமாகும்? கட்டை வைக்கும்போது விளிம்போடு விளிம்புதான் ஒட்ட வேண்டும், மூலை மட்டும் தொட்டால் செல்லாது. அதே ஆட்டத்தில் மடாலயத்துக்கு மட்டும் ஏன் வேறு பேச்சு? நியாயமான கேள்விதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கடைசியில் தீர்த்து வைத்தது புள்ளிக் கணக்கு. முடிந்த மடாலயத்துக்கு 9 புள்ளி: தனக்கு 1, சுற்றிலும் 8. நாலு பக்கம் போதுமென்றால் 5 தானே வந்திருக்கும்! அன்றிலிருந்து விதியில் ஒரு சொல் குழப்பினால் முதலில் புள்ளிப் பட்டியலைத்தான் புரட்டுகிறேன்.

*

பலகையில் வண்ணக் காய்களை அடுக்கும் பிளோக்கஸ் ஆட்டம் இதற்கு நேர் எதிர். சொந்த நிறக் காய்கள் மூலையோடு மூலை தொட்டே ஆக வேண்டும், விளிம்பு ஒட்டவே கூடாது. அடுத்தவர் நிறத்தோடு விளிம்பு ஒட்டினால் தப்பில்லை. இந்தக் கடைசி வரியை நாங்கள் யாரும் படிக்கவில்லை. பாதிப் பலகை காலியாக இருக்கும்போதே ஆட்டம் முடிந்துகொண்டிருந்தது!

*

அடுத்து என்னைக் குழப்பியது கேட்டன் ஆட்டம். அறுகோணங்களின் மூலைச் சந்திகளில் வீடு கட்ட வேண்டும், விளிம்புகளில் சாலை போட வேண்டும். பக்கத்துச் சந்தியில் வீடு இருந்தால் கட்டக் கூடாது என்பது விதி. "நடுவில் சாலையே போடவில்லை, அப்புறம் எப்படிப் பக்கத்துச் சந்தி?" என்று நான் வாதாடினேன். சாலை இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே இல்லையாம். அறுகோணத்தின் ஒரு விளிம்பு தூரத்தில் இருந்தாலே பக்கம்தான். அது யார் வீடாக இருந்தாலும் சரி. நான் மாட்டிக்கொண்டது என் சொந்த வீட்டிடம்.

*

பொம்மைப் படைகளை நகர்த்தி, தூரத்தை டேப்பால் அளந்து ஆடும் வார்ஹாமர் என்ற போர் ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார்கள். "6 அங்குலத்துக்குள்" என்றால் பொம்மையின் அடித்தட்டு ஓரம் எட்டினாலே போதும். "முழுவதும் 6 அங்குலத்துக்குள்" என்றால் அடித்தட்டு மொத்தமும் உள்ளே இருக்க வேண்டும். அந்த "முழுவதும்" கண்ணில் படாமல் கடைசிச் சுற்றைக் கோட்டைவிட்டேன். இப்போது எதிராளி டேப்பை நீட்டும்போதே "முழுவதுமா?" என்று கேட்டுவிடுகிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.