குலு பள்ளத்தாக்கிற்கு மாற்றல்: எந்தப் பருவத்துக்கு எப்படித் தயாராவது?

குடியாத்தத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். பதவி உயர்வோடு இமாசலப் பிரதேசத்தின் குலு நகருக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூன் நடுவில் பணியில் சேர வேண்டும். மனைவி, இரண்டாம் வகுப்புக்குப் போகும் மகள், மூட்டுவலியும் ரத்த அழுத்தமும் உள்ள அம்மா ஆகிய மூவரையும் கையோடு அழைத்துச் செல்லலாம் என்று இருக்கிறேன். கத்திரி வெயிலிலேயே வளர்ந்த குடும்பம் இது. குளிர் என்றால் ஏலகிரிக்குப் போய்வந்த அளவுக்குத்தான் தெரியும். உறவினர்கள் பனியைச் சொல்லியே பயமுறுத்துகிறார்கள். கம்பளியையும் ஹீட்டரையும் இங்கேயே வாங்கிக் குவிக்கச் சொல்கிறார்கள். அங்கே எந்த மாதத்தில் எது தொல்லை, வீடு எப்படிப் பார்க்க வேண்டும், அம்மாவை அழைத்துப் போகலாமா என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆற்காட்டு மருமகள்

ஐயா, என் கணவரின் வேலை காரணமாகக் குலுவுக்கும் மணாலிக்கும் இடையே உள்ள கட்ராயினில் சில ஆண்டுகள் குடியிருந்தோம். உங்கள் உறவினர்கள் பயப்பட வேண்டிய மாதத்தை விட்டுவிட்டு வேறு மாதத்துக்குப் பயப்படுகிறார்கள். ஜனவரிக் குளிர் கடுமையானதுதான். ஆனால் அது சொல்லிவிட்டு வருகிற குளிர், அதற்கு ஆயத்தமாகிவிடலாம். ஜூன் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நீடிக்கும் மழைக்காலத்தில்தான் அங்கே அன்றாட வாழ்க்கை தடுமாறும், நீங்கள் சேரப்போகும் தேதியோ அதை ஒட்டியே இருக்கிறது. ஆகவே முதலில் நீங்கள் மட்டும் போய்ச் சேர்ந்து, நிதானமாக வீடு பார்த்து, குடும்பத்தைச் செப்டம்பர் கடைசியில் அழைத்துக்கொள்வதே நல்லது. மே, ஜூனில் சுற்றுலாக் கூட்டம் இருப்பதால் மாத வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பதும் கடினம். மகளின் பள்ளிச் சேர்க்கை ஒன்றுதான் இடறும். நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது வாடகையைக் காட்டிலும் வெயிலைக் கேளுங்கள். நம் ஊரில் மேற்குப் பார்த்த அறை என்றாலே முகம் சுளிப்போம். அங்கே குளிர்காலத்தில் ஓர் அறைக்குள் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதுதான் அந்த வீட்டின் மதிப்பு. பியாஸ் ஆறு மணாலியிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது, இருபுறமும் மலை. ஆற்றின் மேற்குக் கரையில் காலை வெயில் சீக்கிரம் வந்துவிட்டுப் பிற்பகலிலேயே மலை நிழலுக்குள் போய்விடும். நக்கர் இருக்கும் கிழக்குக் கரையில் காலையில் தாமதமாக வந்து மாலை வரை நிற்கும். டிசம்பரில் பகல் பொழுதே ஏறத்தாழ 10 மணி நேரம்தான், அதில் மலை மறைப்பது போக மிஞ்சுவது சொற்பம். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தெற்குப் பார்த்த சன்னலும் ஒரு நாற்காலியும் ஹீட்டரைவிடப் பெரிய உதவி.

சமையலைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். குலு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம், மணாலி சுமார் 2,000 மீட்டர். தண்ணீர் குலுவில் 96 டிகிரியிலும் மணாலியில் 93 டிகிரியிலும் கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் குழையாது. குக்கரைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுவதும் கட்டியாகவே இருக்கும், நல்லெண்ணெய் உறையாது. இட்லி மாவு ஒரே இரவில் பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி, அடுப்பு எரியும் அறையில் வைத்தால் மறுநாள் பிற்பகலுக்குள் பொங்கி வரும். கேஸ் சிலிண்டரை வெளியே வைத்தால் உறைகுளிர் நாளில் தீ சரியாக வராது. காற்றோட்டமுள்ள சமையலறைக்குள்ளேயே இருக்கட்டும்.

முன்னாள் படைவீரன்

தம்பி, எனக்குச் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊர் என்பதால், வடக்கு மலைகளில் குளிர் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் உண்டு. மருமகள் அம்மா மழைக்காலத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை.

மண்டியிலிருந்து குலுவுக்குப் போகும் நெடுஞ்சாலை பண்டோ, ஔட் பகுதிகளில் பியாஸ் ஆற்றின் இடுக்கை ஒட்டியே செல்கிறது. 2023 ஜூலை 9, 10 தேதிகளில் அந்த ஆறு பெருகியபோது சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போயிற்று; மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்து, பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் வெளியுலகத்தோடு பேச முடியாமல் தவித்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, மேலே ஆந்திரப் பக்கம் பெய்த மழையை அறிந்து கரையோர மக்களை அப்புறப்படுத்த நமக்கு அவகாசம் கிடைத்தது. மலையோடைக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. மேலே எங்கோ கொட்டிய மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே பாறையும் மரமுமாக இறங்கிவிடும். ஆற்றங்கரை வீட்டையும், ஓடை வந்து ஆற்றில் சேரும் வாயில் உள்ள வீட்டையும், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

ஜூலை பிறக்கும் முன் ஒரு மாதத்துக்கான மாத்திரை, அரிசி, பருப்பு ஆகியவற்றோடு கொஞ்சம் ரொக்கமும் வீட்டில் இருக்க வேண்டும். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போய், அங்கிருந்து இரவுப் பேருந்து பிடிப்பது எளிய வழி. மழை மாதத்தில் மட்டும் அந்த இரவுப் பேருந்தைத் தவிர்த்துப் பகலில் பயணம் செய்யுங்கள். குலுவுக்கான புந்தர் விமான நிலையம் மலைகளுக்கு நடுவே இருப்பதால் மேகம் இறங்கினால் விமானம் வராது.

குளிர்காலத்துக்கு ஒரே எச்சரிக்கை. மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அந்த ஊர் மக்கள் தந்தூர் என்னும் தகர விறகடுப்பைப் புகைபோக்கியோடு வைத்திருப்பார்கள். அதையும் படுக்கும் முன் அணைத்துவிட வேண்டும்.

குடியாத்தத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. குடும்பத்தைச் செப்டம்பர் கடைசியில் அழைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். கம்பளி உடைகளை வேலூரிலேயே வாங்கலாமா என்பதும், அம்மாவின் விஷயமும் இன்னும் தெளியவில்லை.

பஜௌராவிலிருந்து

நான் தற்போது குலு பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் பழத்தோட்டங்கள் தொடர்பான பணியில் இருக்கிறேன். ஜனவரிக் குளிர் சொல்லிவிட்டு வரும் என்று மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். முன்பு அப்படித்தான் இருந்தது. குளிர்கால மழையையும் பனியையும் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் கொண்டுவருகின்றன. அவை இப்போது முறை தவறுகின்றன. டிசம்பரும் ஜனவரியும் வறண்டு கழிந்து, பிப்ரவரி, மார்ச்சில் மொத்தமாகக் கொட்டும் ஆண்டுகள் வருகின்றன. ஆப்பிளுக்கு வேண்டிய குளிர் போதாமல், கீழ்ப்பகுதி விவசாயிகள் மாதுளைக்கும் சீமைப் பனிச்சைக்கும் (பெர்சிமன் பழம்) மாறியிருக்கிறார்கள். ஆப்பிள் வடக்கே இன்னும் உயரத்தில் உள்ள லாகுல் பள்ளத்தாக்குப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏப்ரலில் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது ஆலங்கட்டி விழும் என்பதால், தோட்டம் தோட்டமாக வலை கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

பனி விழும் நாளைவிடப் பனி விழாத தெளிந்த இரவுதான் அதிகம் குளிரும். மேகப் போர்வை இல்லாததால் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும், மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். குழாய்கள் உறைந்து வெடிப்பதும் அந்த இரவுகளில்தான். சாயங்காலமே வாளிகளில் தண்ணீர் பிடித்துவைத்து, மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை மூடி, உள்ளே நிற்கும் நீரை வடித்துவிடுங்கள்.

கம்பளியை வேலூரில் வாங்க வேண்டாம்; நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக். குளிருக்கான உள்ளாடைகளில் இரண்டு மட்டும் கொண்டுவந்து, மற்றதைக் குலு கடைவீதியில் வாங்குங்கள். தடித்த ஒன்றைக் காட்டிலும் மெல்லிய மூன்று அடுக்குகள் நல்லவை. நண்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, நான்கு மணிக்கு நிழல் விழுந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மாவை ஆண்டு முழுவதும் இங்கே வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த மண்ணின் கத்தி (Gaddi) என்னும் இடையர் சமூகத்தினரே குளிருக்கு ஆடுகளோடு அடிவாரத்துக்கு இறங்கி, கோடைக்கு லாகுல் வரை ஏறுகிறவர்கள். அக்டோபரும் நவம்பரும் வானம் தெளிந்து, மழையின்றி மிக இதமாக இருக்கும். அதே சமயம் வடகிழக்குப் பருவமழையில் நனையும் வேலூரிலிருந்தும் அவர் தப்பிக்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் குடியாத்தத்துக்குத் திரும்பட்டும்; மார்கழி, தை மாதங்களில் நம் ஊர் அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். பிறகு மார்ச் கடைசியில், அங்கே வெயில் ஏறத் தொடங்கும்போது வரவழைத்து, ஜூன் நடுவில் மழைக்கு முன் அனுப்பிவிடுங்கள். குளிரில் ரத்த அழுத்தம் கூடும் என்பதால், முதல் பயணத்துக்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பற்றிக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.